மச்சான் எப்ப அண்ணா ஆனான்?

போன கிழமை பென்டில் ஹில்லில் மாமி வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். மாமி என்றால் அப்பாவின்ர தங்கச்சி. கதவைத் திறந்த அவவின்ர மகள், "அம்மா, அண்ணா வந்திட்டார்" என்று உள்ளுக்குப் பார்த்துக் கத்தினாள். திக்கென்று போச்சு. முறைக்கு நான் அவளுக்கு மச்சான்.

மாமியைக் கேட்டால் சிரிக்கிறா. "இஞ்ச மச்சான் எண்டு கூப்பிட்டா ஆக்கள் வேற மாதிரி நினைப்பினம். அதுதான் அண்ணா எண்டு பழக்கிட்டன்."

அந்தப் பிள்ளையைக் கட்டுற யோசனை எனக்குத் துளியும் இல்லை (மாமி நிம்மதியாக நித்திரை கொள்ளலாம்). மாமியின்ர பயமும் விளங்குது. ஆஸ்திரேலியாவின் 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் மச்சான் மச்சாள் கலியாணத்தைத் தடுக்கவில்லைத்தான். ஆனால் கூடப் படிக்கிறதுகள் முகம் சுழிக்கிறதை எந்தச் சட்டம் தடுக்கும்?

ஆனாலும் மாமி செய்தது பிழை என்றுதான் சொல்லுவேன். லூயி டுமோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1953இல் எங்கட உறவுமுறைப் பெயர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சம்பந்தம் என்பது எங்களுக்குத் தாலி கட்டின அண்டைக்குத் தொடங்கிற விசயமில்லை, இரத்த உறவு மாதிரி அதுவும் தலைமுறை தலைமுறையாக வாறது என்பது அவரின்ர வாதம். யோசிச்சுப் பாருங்கோ. அம்மாவின்ர தம்பியும் மாமா, மனுசியின்ர தகப்பனும் மாமா. மாமியின்ர மகனும் மச்சான், மனுசியின்ர தம்பியும் மச்சான். ஆங்கிலத்தில் முதல் ஆள் கசின், மற்றவர் பிரதர் இன் லோ. சித்தப்பாவின்ர மகளையும் அதே கசினுக்குள்ள போட்டுக் குழைச்சாச்சு.

பகிடி என்னவென்றால், சொந்தமே இல்லாத பெடியள் எல்லாம் ஆளையாள் மச்சான் என்கிறாங்கள். சிங்களப் பெடியளும் அப்பிடித்தான். 2004இல் இல்லாத தேசிய ஹாண்ட்போல் அணியின்ர பேரில் ஜெர்மனிக்குப் போய் 23 பேர் மாயமான கதையை உபேர்ட்டோ பசோலினி 2008இல் படமாக எடுத்தார். படத்தின்ர பேரே 'மச்சான்'. ஊர் உலகம் முழுக்கச் சொல்லலாம், சொந்த மச்சாள் மட்டும் சொல்லக்கூடாதாம்!

அண்ணா என்றால் புத்தி சொல்ல வேணும், பொறுப்பாக இருக்க வேணும். மச்சானுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. ஊரில மச்சாள்மார் தேத்தண்ணிக்குள்ள சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டுத் தந்துவிட்டுக் கதவுக்குப் பின்னால நிண்டு சிரிப்பினம். அதில ஒருத்தியையும் நான் கட்டேல்லை, அவையும் என்னைக் கட்ட நினைக்கேல்லை.

சாப்பிட்டு முடிய அவள்தான் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தாள். "அண்ணா, சீனி காணுமோ?"

காணும். சீனி அளவாகத்தான் இருந்தது.