விளையாட்டு நேரத்தைப் பறிக்கலாகாது

பொதுத் தேர்வு நெருங்கும் மாதங்களில் நம் பள்ளிகளில் பல, கால அட்டவணையில் விளையாட்டுக்கென்று ஒதுக்கிய நேரத்தைக் கணக்குக்கோ விஞ்ஞானத்துக்கோ கொடுத்துவிடுவதும், அதைப் பெற்றோரில் பலர் பள்ளியின் சிரத்தைக்கு அத்தாட்சியாகக் கருதி மகிழ்வதும் சகஜமாகிவிட்டன. இவ்வழக்கம் உடனே கைவிடப்பட வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

கட்டுப்பாடு, சகிப்புத்தன்மை, ஐக்கியம் ஆகியவற்றைப் பற்றி வகுப்பறையில் எவ்வளவு உபதேசித்தாலும் அவை காதோடு நின்றுவிடும். உடம்பு வழியாகக் கற்றாலன்றி அவை சுபாவமாவதில்லை. நம் சடுகுடுவையே, அதாவது கபடியையே பார்ப்போம். பக்கத்துக்கு 7 பேர் ஆடும் இவ்வாட்டத்தில், பாடிச் செல்பவன் 30 விநாடிக்குள், மூச்சை விடாமல், எதிரிகள் அனைவருக்கும் நடுவே தன்னந்தனியாக நின்று முடிவெடுக்க வேண்டும். பிடிபட்டு வெளியேறியவனோ, எத்தனை சமர்த்தனாயினும், தன் தோழன் ஒருவன் புள்ளி எடுத்த பின்பே, அதுவும் வெளியேறிய வரிசைப்படியே, மீண்டும் களம் புக முடியும். பிறர் முயற்சியால்தான் தனக்கு மறுவாய்ப்பு உண்டு என்பதை இதைவிடத் தெளிவாகப் போதிக்கும் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? கைகோத்துப் பிடிக்க நிற்பவர்கள், பக்கத்தில் நிற்பவன் எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பார்த்துக் கையை உதறினால், அந்தக் கணமே அணி தோற்கும். சாதியால் பிளவுண்ட நம் ஊர்களுக்கு இப்பயிற்சி எவ்வளவு அவசியம்!

தோல்வியைத் தாங்கும் திடமும் களத்தில்தான் விளைகிறது. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டது முதல் ஆடவர் தங்கத்தை யாருக்கும் விட்டுக்கொடாதிருந்த இந்தியா, 2018இல் ஜகார்த்தாவில், ஆடவர் அரையிறுதியிலும் மகளிர் இறுதியிலும் ஈரானிடம் தோற்றது. பழம்பெருமை புள்ளிகளாவதில்லை என்று உணர்ந்து உழைத்த பிறகே, 2023இல் ஹாங்சோவில் இரு தங்கங்களும் திரும்பின.

மதிப்பெண்ணே ஏழைப் பிள்ளையின் கதிமோட்சம் என்னும் வாதத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால், வாரத்தில் ஓரிரு மணி நேர ஆட்டத்தால் கெட்டுப்போகும் படிப்பு, அந்த நேரத்தையும் வகுப்பறையிலேயே கழிப்பதால் தேறிவிடப் போவதில்லை. களத்தில் இறங்கிய மாத்திரத்தில் ஒழுக்கம் தானே வந்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. எப்படியாவது ஜெயித்தால் போதும் என்று பழக்கும் ஆசிரியரிடம் பிள்ளைகள் வஞ்சகத்தையே கற்பார்கள். எதிரியின் விரல் தன் மேல் பட்டதைத் தானே ஒப்புக்கொண்டு வெளியேறும் மாணவனை எல்லார் முன்னிலையிலும் பாராட்டும் ஆசிரியரே உண்மையான உடற்கல்வி ஆசிரியர்.

ஆகவே, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றுள் ஒன்றாக விதித்துள்ள விளையாட்டு மைதானத்தைச் சகல பள்ளிகளுக்கும் உறுதிசெய்வதும், உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் அவர்களை நியமிப்பதும் அரசின் கடமையாகும். பள்ளி அணிக்குத் தேர்வான சிலருக்கு மட்டுமன்றி, பெண் பிள்ளைகள் உள்ளிட்ட எல்லா மாணவருக்கும் களத்தில் இடம் அளிப்பது தலைமையாசிரியர்களின் பொறுப்பு. பத்தாம் வகுப்பாயினும் பன்னிரண்டாம் வகுப்பாயினும் விளையாட்டு நேரம் விளையாட்டுக்கே என்று கல்வித் துறை ஐயத்துக்கு இடமின்றி ஆணையிட்டு, அது அனுசரிக்கப்படுகிறதா என்று கண்காணிக்கவும் வேண்டும்.