மெஷினுக்குக் காது உண்டா?

எலக்ட்ரானிக் இசை என்று பேச்செடுத்தாலே தூத்துக்குடிப் பக்கத்து மேளக்காரர் ஒருவர் முகம் சுளித்தால் அதில் நியாயம் இருக்கிறது. பூசை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் முரசையும் மணியையும் தானே அடித்துக்கொள்ளும் மோட்டார் மேளம் எத்தனையோ கோயில்களில் வந்தாயிற்று. அதற்குச் சம்பளம் கிடையாது, சாப்பாடு கிடையாது, காதும் கிடையாது. நாதஸ்வர செட்டில் ஒத்து ஊதியவரின் இடத்தையும் பல ஊர்களில் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்டது.

ஆனால் எல்லா மின்கருவியும் இந்த ரகம் இல்லை. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரைக் கேட்டுப் பாருங்கள். 2016-ல் ட்ரம்பெட் கலைஞர் வாடாடா லியோ ஸ்மித்தோடு சேர்ந்து ஒரு ஆல்பம் (இசிஎம் வெளியீடு). பியானோவோடு கூடவே எலக்ட்ரானிக்ஸும் அவர் கையில். 2023-ல் வந்தது 'லவ் இன் எக்ஸைல்'. ஆரூஜ் அஃப்தாப் உருதுவில் பாட, ஷஹ்சாத் இஸ்மாயிலி பேஸ் கிதாரும் மூக் சிந்தசைஸரும் வாசிக்க, மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மனோதர்மமாகவே உருவாக்கியது. ஆறு டிராக், ஒரு மணி நேரத்துக்கும் மேல். 2024 கிராமி விருதுக்கு இரண்டு பிரிவுகளில் பரிந்துரை (கிடைக்கவில்லை, அது வேறு கதை!).

அதில் அஃப்தாப் ஒரு வரியை இழுத்து நிறுத்தும்போது மூக் உடனே பாய்ந்து வருவதில்லை. காத்திருக்கிறது. அவர் மறுபடி எங்கே வருவார் என்று பார்த்துத்தான் அடியிலிருந்து மெல்ல எழும்புகிறது. பாடகி திசை மாறினால் மெஷின்காரரும் மாற வேண்டும், அந்த நொடியிலேயே. சுருதிப்பெட்டியால் இது ஆகாது. குறையும் உண்டு: எல்லாமே ஒரே நிதானத்தில் போவதால் நடுவில் கண் சொக்குகிறது.

இந்த மாதிரி ஆல்பத்துக்குத் தூத்துக்குடி மாவட்டத்தைவிடப் பொருத்தமான மண் எது? ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடியதாகப் பேசப்படும் விளாத்திகுளம் சுவாமிகளின் ஊர் இங்கேதான். காருகுறிச்சி அருணாசலம் வாழ்ந்த கோவில்பட்டியும் இங்கேதான். ஆலாபனை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடப்பதோ வேறு. ஒருவரின் நாதஸ்வரத்தை ஒருமுறை பதிவு செய்து, துண்டு துண்டாக வெட்டிக் கீபோர்டில் ஏற்றிவிட்டால் அப்புறம் அவரைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. கல்யாண வீடியோவுக்கும் அதுதான், டிவி சீரியலுக்கும் அதுதான். வாசித்தவர் பேர் எங்கேயும் வராது. 'லவ் இன் எக்ஸைல்' அட்டையில் மூன்று பேரும் சமமாக நிற்கிறார்கள். மூக் வாசித்தவர் பேர் பெரிதாகவும், பாடியவர் பேர் பொடி எழுத்திலும் இல்லை.

சிக்கல் இல்லாமல் இல்லை. தோடியில் ஒரு காந்தாரம் ஆடுகிற ஆட்டத்துக்குக் கீபோர்டின் பன்னிரண்டு கட்டைகளில் இடம் கிடையாது. நாதஸ்வரத்தின் சத்தமோ லேப்டாப்பை விழுங்கிவிடும். அதனால் லேப்டாப்காரர் முதலில் ஒத்துக்காரர் இருந்த இடத்தில் போய் உட்காரட்டும். ஒரு திருவிழா முழுக்க, எதையும் தொடாமல், நாதஸ்வரக்காரர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதை மட்டும் கேட்கட்டும். ரெக்கார்டிங் தேதியை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.