வராத பணத்துக்கு வரி: ஒரு டிக், ஒரு சிஸ்டர், எட்டு வருஷம்

1/
போன மாசம் ஒரு நைட் டூட்டி. ராத்திரி பதினொன்றரை இருக்கும், வார்டு கொஞ்சம் அடங்கியிருந்தது. சிஸ்டர் போனை நீட்டினாங்க. "சார், இன்கம்டாக்ஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு. எனக்கு 80,000 ரூபா டிவிடெண்ட் வந்துச்சாம், ரிட்டர்ன்ல காட்டலையாம். சத்தியமா ஒரு ரூபா கூட என் அக்கவுண்ட்டுக்கு வரலை சார்."

2/
பேங்க் பாஸ்புக்கைப் பார்த்தேன். உண்மைதான், வரலை. வருமான வரி தளத்துல ஏஐஎஸ் பார்த்தேன். அங்க 80,000 இருக்கு, 8,000 டிடிஎஸ்ஸும் பிடிச்சிருக்காங்க. ரெண்டும் எப்படி உண்மையா இருக்க முடியும்? பதில் மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மெண்ட்டில், திட்டத்தோட பேருக்குக் கடைசியில ஒட்டிக்கிட்டு இருந்தது: "ஐடிசிடபிள்யூ ரீ-இன்வெஸ்ட்மெண்ட்".

3/
2017ல நிலம் வித்த காசு, 10 லட்சம். பொண்ணு படிப்புக்கு. சம்பள அக்கவுண்ட் இருந்த வங்கிக் கிளையில ஒரு தம்பி, "டிவிடெண்ட் வரும் மேடம், அதையும் திரும்ப உள்ளயே போட்டுடுவோம், குட்டி போட்டு வளரும்"னு சொல்லி ஃபார்ம்ல ஒரு டிக் போட்டிருக்கார். இவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்க. அந்த ஒரு டிக்கைப் பத்தித்தான் இந்த த்ரெட். நீளம்தான், பொறுமையா படிங்க.

4/
முதல்லயே சொல்லிடறேன். நான் அரசு ஆஸ்பத்திரி டாக்டர், எம்பிபிஎஸ். நிதி ஆலோசகர் கிடையாது. எந்த ஃபண்டையும் வாங்குங்க, விற்றிடுங்கன்னு சொல்லப் போறதில்லை. நீங்க ஏற்கெனவே வாங்கி வெச்சிருக்கிறதுல ஒரு செட்டிங் தப்பா இருக்கலாம். அதை மட்டும் காட்டப் போறேன்.

5/
அடிப்படை. மியூச்சுவல் ஃபண்ட் தரும் டிவிடெண்ட் மேல் வருமானம் இல்லை, போனஸும் இல்லை. ஃபண்டுக்குள்ள இருக்கிற உங்க பணத்திலிருந்தே எடுத்து உங்களுக்குத் தர்றாங்க. எவ்வளவு எடுத்தாங்களோ அவ்வளவு என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டோட விலை, இறங்கும். வலது பாக்கெட்ல இருந்து இடது பாக்கெட்டுக்கு மாத்தின கதைதான்.

6/
கணக்கு போட்டுப் பாருங்க. பிப்ரவரியில 1 லட்சம் போடறீங்க. என்ஏவி 50 ரூபா, 2,000 யூனிட். மார்ச்சில யூனிட்டுக்கு 5 ரூபா டிவிடெண்ட், மொத்தம் 10,000. உடனே என்ஏவி 45 ஆகிடும். அந்த 10,000த்தை 45 ரூபாய்க்கு ரீ-இன்வெஸ்ட் பண்ணினா 222 யூனிட் சொச்சம். 2,222 யூனிட் பெருக்கல் 45. அதே 1 லட்சம்தான்.

7/
யூனிட் எண்ணிக்கை கூடிச்சு, பணம் ஒரு பைசா கூடலை. ஆனா சட்டப்படி உங்களுக்கு 10,000 ரூபா வருமானம் வந்துடுச்சு. நீங்க 30% வரம்புல இருந்தா செஸ்ஸும் சேர்த்து 3,120 ரூபா வரி. போட்ட பணம் ஒரு மாசத்துல உங்க கிட்டயே திரும்பி வந்ததுக்கு 3,120 ரூபா கட்டறீங்க. "குட்டி போட்டு வளரும்"னு சொன்னாரே, குட்டி போட்டது இதுதான்.

8/
இதே ஃபண்ட்ல இதே பங்குகளோட "குரோத்"னு இன்னொரு ஆப்ஷன் இருக்கு. அதுல யாரும் எதையும் வெளிய எடுத்து உள்ள போட மாட்டாங்க. லாபம் என்ஏவியிலேயே சேரும். வரி விற்கும்போது மட்டும்தான். பங்குச் சந்தை ஃபண்டை ஒரு வருஷத்துக்கு மேல வெச்சிருந்தா, வருஷம் 1.25 லட்சம் லாபம் வரைக்கும் வரி இல்லை, அதுக்கு மேல 12.5%. வரியே இல்லைன்னு சொல்லலை. எப்ப கட்டணும்னு முடிவு பண்றது நீங்க.

9/
சிஸ்டர் கணக்குக்கு வருவோம். 80,000 டிவிடெண்ட். 8,000 டிடிஎஸ் போக மிச்சம் 72,000தான் திரும்ப முதலீடாச்சு. ஆமா, ரீ-இன்வெஸ்ட் பண்ணினாலும் டிடிஎஸ் பிடிப்பாங்க. அதுலயும் முத்திரைத்தாள் வரின்னு ஒரு துளி போகும். அவங்க வரம்புக்கு மொத்த வரி 24,960. டிடிஎஸ் போக 16,960 கைக்காசு, மேல வட்டி. எல்லாமே கண்ணுல பார்க்காத பணத்துக்கு. முந்தைய வருஷங்கள்லயும் இதே கதைதான், யார் கண்ணுலயும் படலை.

10/
அந்த வங்கித் தம்பிக்கும் ஒரு நியாயம் இருக்கு. 2017ல அந்த டிக் தப்பில்லை. அப்ப பங்கு ஃபண்ட் டிவிடெண்டுக்கு வாங்கறவங்க கையில வரி கிடையாது. 2018 ஏப்ரல்ல ஃபண்டே 10% கட்டணும்னு வந்தது. 2020 ஏப்ரல் 1ல இருந்து அது போய், முழு டிவிடெண்டும் உங்க வருமானத்தோட சேர்ந்து உங்க வரம்புப்படி வரின்னு ஆச்சு. சட்டம் ரெண்டு தடவை மாறிடுச்சு. டிக் மட்டும் அப்படியே இருக்கு.

11/
எங்க ஓபியில இதைத் தினமும் பார்க்கிறேன். மடிச்சு மடிச்சுக் கிழிஞ்ச ஒரு பழைய சீட்டு. எட்டு வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதின மாத்திரை. நோயாளிக்கு இப்ப கிட்னி எப்படி இருக்கு, பிரஷர் எவ்வளவுன்னு யாரும் பார்க்கலை. மெடிக்கல்ல அதே மாத்திரையைத் தொடர்ந்து வாங்கிட்டே இருக்காங்க. எழுதினப்ப சரியான மருந்துதான். திரும்பப் பார்க்காம விட்டதுதான் குற்றம்.

12/
மருந்து எழுதின டாக்டருக்கு ஃபாலோ-அப்னு ஒரு பொறுப்பு இருக்கு. ஃபண்ட் வித்தவருக்கு? ரெகுலர் பிளான்ல வாங்கினா வருஷா வருஷம் கமிஷன் போய்க்கிட்டே இருக்கு. எதுக்கு அந்தக் கமிஷன்? "சேவை"க்காம். 2020ல சட்டம் மாறினப்ப ஒரு போன் போட்டு, "அக்கா, இந்த டிக்கை மாத்திடலாம்"னு சொல்ல அஞ்சு நிமிஷம் ஆகுமா? சிஸ்டருக்கு அந்த போன் வரவே இல்லை. பிறந்தநாள் வாழ்த்து எஸ்எம்எஸ் மட்டும் தவறாம வந்திருக்கு.

13/
செபி ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல மாட்டேன். 2021 ஏப்ரல் 1ல இருந்து "டிவிடெண்ட் ஆப்ஷன்"ங்கிற பேரையே எடுக்க வெச்சாங்க. புதுப் பேருக்குத் தமிழ்ல அர்த்தம்: வருமானப் பகிர்வும் முதலை வெளியே எடுத்தலும். நேர்மையான பேரு. ஆனா அதைச் சுருக்கி ஐடிசிடபிள்யூன்னு நாலு எழுத்தா ஆக்கியாச்சு. அந்த நாலு எழுத்துல நேர்மை யாருக்குத் தெரியும்? கவுண்ட்டர்ல இன்னமும் "டிவிடெண்ட் வரும் மேடம்"தான்.

14/
அடுத்து யூடியூப் தம்பிகள். எங்க ஹவுஸ் சர்ஜன் பையன் ஒருத்தன் கேட்டான்: "சார், நீங்க டிரிப் ஆன் பண்ணிட்டீங்களா?" நான் மூணாம் பெட் நோயாளிக்குக் கேட்கிறான்னு நினைச்சு, "இப்பதான்டா ஏத்தினாங்க"ன்னேன். அவன் சொன்னது டிவிடெண்ட் ரீ-இன்வெஸ்ட்மெண்ட் பிளான். அமெரிக்க வீடியோவைப் பார்த்து தமிழ்ல ஒருத்தர் பேசினதைக் கேட்டிருக்கான்.

15/
அமெரிக்காவில அந்த அறிவுரைக்கு அர்த்தம் இருக்கு. அங்க ஃபண்டுகள் சம்பாதிச்ச வருமானத்துல 90 சதவீதமாவது பிரிச்சுக் கொடுத்தாதான் ஃபண்ட் அளவுல வரி விழாது. அதனால நம்ம ஊர் மாதிரி குரோத் ஆப்ஷன் அங்க கிடையாது. எப்படியும் டிவிடெண்ட் வந்தே தீரும், வரியும் வந்தே தீரும். வந்ததைச் சும்மா கிடக்க விடாம திரும்பப் போடுன்னு புரோக்கரேஜ் அக்கவுண்ட்ல ஒரு பட்டன். அங்க அது சரி.

16/
இங்க டிவிடெண்டே எடுக்காம இருக்கிற வழி கையில இருக்கு. அப்புறம் எதுக்கு எடுத்து, வரி கட்டி, மிச்சத்தைத் திரும்பப் போடணும்? இன்னொண்ணு, நம்ம ஊர்ல நேரடியா பங்கு வாங்கினா அந்தப் பட்டனே பொதுவா இல்லை. கம்பெனி டிவிடெண்ட் உங்க டீமேட்டோட இணைச்ச பேங்க் அக்கவுண்ட்டுக்கு நேரா போயிடும். "டிரிப் ஆன் பண்ணு"ங்கிறவர் இந்த நாட்டு அக்கவுண்ட்டைத் திறந்தே பார்த்ததில்லை.

17/
டிரிப்னு சொன்னதும் ஞாபகம் வருது. "உடம்பு அசதியா இருக்கு, ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க சார்"னு வர்றவங்க எத்தனை பேர். 5% குளுக்கோஸ் அரை லிட்டர் பாட்டில்ல இருக்கிறது 25 கிராம் சர்க்கரை. ரெண்டு இட்லியில கிடைக்கிற சக்திதான். ஆனா பாட்டில் தொங்கறதைப் பார்த்தா ஒரு தெம்பு. டிவிடெண்டும் அதே தெம்புதான். கேட்கிறாங்கன்னு ஏத்தி விட்டுக் காசு வாங்கறவங்க ரெண்டு தொழில்லயும் இருக்காங்க.

18/
எதிர்வாதங்களுக்கு வர்றேன். "எல்லாருக்கும் நஷ்டமா டாக்டர்?" இல்லை. புதிய வரி முறையில மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா தள்ளுபடி கிடைக்கும், டிவிடெண்டுக்கு வரி விழாது. அவங்களுக்குச் சேதம் குறைவு. ஆனா டிடிஎஸ் பிடிச்சா ரிட்டர்ன் போட்டுத்தான் திரும்ப வாங்கணும். பலன் ஒண்ணும் இல்லாம அலைச்சல் மட்டும். நல்லது எதுவும் செய்யாத மாத்திரை கெடுதல் செய்யலைன்னு சொல்றது ஒரு வாதமா?

19/
"ரிட்டயர் ஆனவங்களுக்கு மாசாமாசம் காசு வேணுமே?" நியாயமான கேள்வி. அவங்களுக்கு ரீ-இன்வெஸ்ட் சுத்தமா தேவையில்லை, கையில பணமே வராதே. பே-அவுட் வாங்கலாம். ஆனா எவ்வளவு, எப்பன்னு ஃபண்ட் முடிவு பண்ணும். அதை "மாச வருமானம்"னு வித்தவங்க, மார்க்கெட் விழுந்து டிவிடெண்ட் குறைஞ்சா போனை எடுக்க மாட்டாங்க.

20/
அதைவிட எஸ்டபிள்யூபி. குரோத்ல வெச்சுக்கிட்டு, "மாசம் 10,000 எனக்கு அனுப்பு"ன்னு நீங்களே எழுதிக் கொடுக்கிறது. அந்த 10,000த்துல 8,000 உங்க முதல், 2,000 லாபம்னா, வரிக் கணக்குல வர்றது 2,000 மட்டும். டிவிடெண்டா வாங்கினா முழு 10,000மும் வருமானம். இதுலயும் முதல் கரையும், அளவா எடுக்கணும். ஆனா குழாயைத் திறக்கிறது மூடறது உங்க கையில.

21/
இப்ப உங்க வீட்டுக்கு. மாசாமாசமோ ஆறு மாசத்துக்கு ஒரு தடவையோ மெயில்ல ஒருங்கிணைந்த ஸ்டேட்மெண்ட் ஒண்ணு வரும், சிஏஎஸ்னு பேரு. பாஸ்வேர்ட் பெரும்பாலும் உங்க பான் நம்பர். திறந்து ஒவ்வொரு திட்டத்தோட பேரையும் கடைசி வார்த்தை வரைக்கும் படிங்க. "குரோத்"னு இருந்தா மூடிட்டுத் தூங்குங்க. "ஐடிசிடபிள்யூ"ன்னோ பழைய "டிவிடெண்ட்"ன்னோ இருந்தா மேல படிங்க.

22/
ராத்திரியே ஆப்பைத் திறந்து மாத்திடாதீங்க. ரீ-இன்வெஸ்ட்ல இருந்து பே-அவுட்டுக்கு மாத்தறது வெறும் கோரிக்கைதான், வரி இல்லை. குரோத்துக்கு மாத்தினா சட்டத்தின் கண்ணுல அது வித்து வாங்கறது. லாபத்துக்கு வரி வரும். ரீ-இன்வெஸ்ட்ல வந்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாங்கின தேதி வேற, 12 மாசம் ஆகாததுக்கு 20% வரி. 1.25 லட்சம் சலுகையைப் பார்த்து ரெண்டு மூணு நிதியாண்டுல பிரிச்சு மாத்தலாம். எக்ஸிட் லோடும் இருக்கான்னு கேட்டுக்கோங்க.

23/
வரிச் சலுகைக்கு இஎல்எஸ்எஸ் போட்டவங்க தனியா பாருங்க. அதுல ரீ-இன்வெஸ்ட் ஆன யூனிட்டுக்கு அந்தத் தேதியில இருந்து புதுசா 3 வருஷப் பூட்டு. அந்த யூனிட்டுக்கு வர்ற டிவிடெண்டுக்கும் அடுத்த பூட்டு. முழுசா வெளிய வரவே முடியாத சுழல். பல ஃபண்டுகள் இந்த வசதியையே பிறகு எடுத்துட்டாங்க. பழைய ஃபோலியோ இருந்தா என்ன நிலைமைன்னு கேளுங்க.

24/
பங்கு வெச்சிருக்கிற, டிரான்ஸ்ஃபர்ல ஊர் ஊரா சுத்தற அரசு ஊழியர்களுக்கு ஒண்ணு. டீமேட்ல இணைச்சிருக்கிறது மூணு ஊருக்கு முன்னாடி மூடின அக்கவுண்ட்டா? அப்ப டிவிடெண்ட் வந்து சேராது. 7 வருஷம் தொடர்ந்து யாரும் வாங்கலைன்னா பணம் மட்டும் இல்லை, அந்தப் பங்குகளே ஐஇபிஎஃப்ங்கிற அரசு நிதிக்குப் போயிடும். திரும்ப வாங்கலாம், ஆனா அலையணும்.

25/
"எல்லாம் ஃபார்ம்லயே இருக்கு, அவங்க படிக்கலை"ன்னு சொல்றவங்களுக்கு. நாங்க ஆபரேஷனுக்கு முன்னாடி சம்மதப் படிவத்தைத் தமிழ்ல படிச்சுக் காட்டி, புரிஞ்சுதான்னு கேட்டுட்டுத்தான் கையெழுத்து வாங்கணும். நோயாளி படிக்கலைன்னு எந்த விசாரணையிலயும் நான் தப்பிக்க முடியாது. 10 லட்சம் வாங்கறவருக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

26/
கேட்கிறது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, அந்த டிக்குக்குப் பக்கத்துல தமிழ்ல, பெரிய எழுத்துல: "இது உங்கள் முதலீட்டிலிருந்தே எடுத்துத் தரப்படும் பணம். கைக்கு வராவிட்டாலும் இதற்கு வரி உண்டு." ரெண்டு, வரிச் சட்டம் மாறும்போது, அந்த டிக் போட்ட ஒவ்வொருத்தருக்கும் அவங்க மொழியில ஒரு கடிதம். கமிஷன் வாங்கறவர் கையெழுத்தோட.

27/
சிஸ்டர் திருத்தின ரிட்டர்ன் போட்டு, வரியையும் வட்டியையும் கட்டிட்டாங்க. இந்த வருஷம் கொஞ்சம், அடுத்த ஏப்ரலுக்கு மேல மிச்சம்னு குரோத்துக்கு மாத்தறாங்க. அன்னிக்கு ராத்திரி அவங்க கேட்டது எனக்கு இன்னும் உறுத்துது: "நான் ஏமாத்தினேன்னு யாரும் நினைச்சுக்க மாட்டாங்களே சார்?" கையெழுத்து வாங்கினவர் நிம்மதியா தூங்கறார். குற்ற உணர்ச்சி இவங்களுக்கு.

28/
உங்க அம்மா, அப்பா, ரிட்டயர் ஆன டீச்சர், பக்கத்து வீட்டு அக்கா, யார்கிட்டயாவது 2020க்கு முன்னாடி வாங்கின ஃபண்ட் இருக்கும். அவங்க ஸ்டேட்மெண்ட்டை ஒரு தடவை திறந்து கடைசி வார்த்தையைப் படிச்சுச் சொல்லுங்க. பத்து நிமிஷ வேலை. பழைய சீட்டைப் புதுசா ஒருத்தர் பார்த்தாலே பாதிப் பிரச்சனை தீரும்.