பசி என்னும் பத்தி இல்லாத படிவம்: அமெரிக்க வேட்டை, மீன்பிடிக் கணக்கெடுப்பு யாரை எண்ணுகிறது?

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு 1955ஆம் ஆண்டு முதல், ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, தன் குடிமக்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருகிறது: கடந்த ஆண்டில் நீங்கள் வேட்டைக்குச் சென்றீர்களா, மீன் பிடித்தீர்களா, காட்டுயிர்களைக் காணச் சென்றீர்களா, அதற்காக எவ்வளவு செலவிட்டீர்கள்? மீன்பிடித்தல், வேட்டை, காட்டுயிர் சார்ந்த பொழுதுபோக்கு குறித்த தேசியக் கணக்கெடுப்பு என்பது இதன் பெயர். மீன் மற்றும் காட்டுயிர்ப் பணியகம் இதனை நடத்துகிறது. 2022ஆம் ஆண்டுக்கான கணக்கெடுப்பின்படி, 16 வயதுக்கு மேற்பட்டோரில் 3 கோடியே 99 லட்சம் பேர் மீன் பிடித்தனர். 1 கோடியே 44 லட்சம் பேர் வேட்டையாடினர். 14 கோடியே 83 லட்சம் பேர் காட்டுயிர்களைக் கண்டு களித்தனர். இவர்கள் செலவிட்ட தொகை 39,000 கோடி டாலருக்கும் அதிகம்.

சாதி ஒழிப்பு அரசியலில் நிற்கும் நாம், கடல் கடந்த ஒரு நாட்டின் பொழுதுபோக்குக் கணக்கை ஏன் வாசிக்க வேண்டும்? அரசின் எண்ணிக்கை எவ்வாறு உரிமையாக மாறுகிறது, எவ்வாறு உரிமை மறுப்பாகவும் மாறுகிறது என்பதை இந்தக் கணக்கெடுப்பைப் போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் குறைவு. நம் நாட்டில் சாதிவாரிக் கணக்கெடுப்பு நடைபெறவிருக்கும் காலத்தில் இந்தப் பாடம் நமக்குத் தேவைப்படுகிறது.

எண்ணிக்கையும் நிதியும்

முதலில் பணம் செல்லும் வழியைப் பார்ப்போம். 1937இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின் கீழ், நீள்துப்பாக்கிகள் மீதும் தோட்டாக்கள் மீதும் 11 விழுக்காடும், கைத்துப்பாக்கிகள் மீது 10 விழுக்காடும் கலால் வரி வசூலிக்கப்படுகிறது. 1950இல் வந்த டிங்கல்-ஜான்சன் சட்டம் மீன்பிடிக் கருவிகள் மீதான வரியை இதே வழியில் மாநிலங்களுக்குத் திருப்பியது. காட்டுயிர் மீட்புக்கான நிதி மாநிலங்களுக்குப் பங்கிடப்படும்போது பாதி அம்மாநிலத்தின் நிலப்பரப்பையும், மறுபாதி அங்கு கட்டணம் செலுத்தி வேட்டை உரிமம் பெற்றோரின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைகிறது. மீன்வள நிதியில் உரிமம் பெற்றோரின் எண்ணிக்கைக்கு 60 விழுக்காடு எடை. நாம் பேசும் தேசியக் கணக்கெடுப்பின் செலவும் இந்த நிதியிலிருந்தே வருகிறது.

துப்பாக்கிக்கும் தூண்டிலுக்கும் செலுத்தப்படும் வரி காட்டைக் காக்கிறது என்னும் இந்த ஏற்பாட்டை அமெரிக்கர்கள் பெருமையுடன் குறிப்பிடுவது வழக்கம். அதில் உண்மையும் உண்டு. அழிவின் விளிம்பிலிருந்த பல உயிரினங்கள் இந்த நிதியால் மீண்டுள்ளன. ஆயினும் இந்த ஏற்பாட்டுக்குள் ஒரு சாய்வு இருக்கிறது. பெருநகரத்தில் தற்காப்புக்கெனக் கைத்துப்பாக்கி வாங்கும் கறுப்பினத்தவரும் இந்த வரியைச் செலுத்துகிறார். அவருக்கு வேட்டை உரிமம் இல்லை. ஆகவே காட்டுயிர் மீட்பு நிதியின் பங்கீட்டுக் கணக்கில் அவர் ஒரு தலையாகக்கூட இடம்பெறுவதில்லை. வரி அனைவரிடமும் பெறப்படுகிறது. எண்ணிக்கையோ உரிமம் பெற்றவருடன் நின்றுவிடுகிறது.

அந்த உரிமம் பெற்றவர் யார்? கணக்கெடுப்பின் அட்டவணைகளே விடை தருகின்றன. வேட்டையாடுவோரில் மிகப் பெரும்பான்மையோர் வெள்ளையர். மக்கள்தொகையில் 13 விழுக்காட்டளவில் இருக்கும் கறுப்பினத்தவரின் பங்கு இதில் மிகச் சிறியது.

'ஆர்வமின்மை' என்னும் விளக்கம்

இந்த எண்களை முன்வைத்து நீண்ட காலமாகச் சொல்லப்படும் விளக்கம் எளிமையானது: கறுப்பினத்தவருக்குக் காட்டிலும் ஆற்றிலும் ஆர்வம் இல்லை. விலக்கப்பட்டவரின் இன்மையை அவரது விருப்பமாகவே எழுதிவிடும் இந்த உத்தியை நாம் நன்கு அறிவோம். கோயிலுக்குள் வர அவர்களே விரும்புவதில்லை என்று நம் ஊர்களில் சொல்லப்படும் வாதத்தின் உடன்பிறப்பு இது.

வரலாறு வேறுவிதமாகப் பேசுகிறது. அடிமை முறையின் கீழும் அதன் பின்னரும் தென்மாநிலக் கறுப்பினத்தவர் வேட்டையாடியும் மீன்பிடித்தும் தம் உணவில் ஒரு பகுதியைத் தாமே ஈட்டினர். ஒருவர் தன் உணவைத் தானே ஈட்ட முடியுமானால் பண்ணையாரின் கூலிக்கு அவர் முற்றிலும் கட்டுப்பட வேண்டியதில்லை. உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டின் இறுதியிலேயே மிசிசிப்பி மாநிலம் இயற்றிய கறுப்பர் சட்டங்கள், உள்ளூர் நிர்வாகத்தின் உரிமமின்றி விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடை செய்தன. பின்னர் வந்த அத்துமீறல் சட்டங்களும் வேட்டைச் சட்டங்களும் கறுப்பினத்தவரின் வாழ்வாதார வேட்டையைக் கட்டுப்படுத்த எவ்வாறு பயன்பட்டன என்பதை வரலாற்றாய்வாளர் ஸ்காட் கில்ட்னர் தம் நூலில் விரிவாக எடுத்துரைத்துள்ளார்.

அதன் பின்னர் வந்தது இடப் பிரிவினை. விர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் லூயிஸ் மலை என்னும் பகுதி 1939இல் கறுப்பினத்தவருக்கெனத் தனியே ஒதுக்கித் திறக்கப்பட்டது. கூட்டாட்சி அரசின் சொந்த நிலத்திலேயே நிலவிய பாகுபாடு இது. அதற்கும் முன்னர், 1919 ஜூலையில், சிகாகோவின் ஏரிக்கரையில் 17 வயதான யூஜின் வில்லியம்ஸ், வெள்ளையருக்குரியதெனக் கருதப்பட்ட நீர்ப்பகுதிக்குள் மிதந்து சென்றதற்காகக் கல்லெறியப்பட்டு மூழ்கி இறந்தார். அதைத் தொடர்ந்த வன்முறையில் 38 பேர் உயிரிழந்தனர். தண்ணீரில் எழுதப்பட்ட எல்லைக்கோட்டை ஓர் இளைஞன் தாண்டியதே அங்குக் 'குற்றமாக' இருந்தது. மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அருந்திய 1927க்கு எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வு இது.

இவை பழங்கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாது. 2020 மே 25 அன்று நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பறவைகளை நோக்கிக்கொண்டிருந்த கிறிஸ்டியன் கூப்பர், ஒரு வெள்ளைப் பெண்ணிடம் விதிப்படி அவரது நாயைக் கயிற்றில் கட்டுமாறு கேட்டார். அதற்கு அப்பெண், ஓர் ஆப்பிரிக்க அமெரிக்க ஆண் தன்னை அச்சுறுத்துவதாகக் காவல்துறையை அழைத்தார். ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டதும் அதே நாளில்தான். அடுத்த சில நாட்களிலேயே கறுப்பினப் பறவை நோக்கர் வாரம் என்னும் இயக்கம் எழுந்தது. தொலைநோக்கியைக் கையில் ஏந்தி மரத்தடியில் நிற்பதற்கும் ஒருவர் உயிரைப் பணயம் வைக்க நேர்ந்தால், அவர் அங்குச் செல்லாமல் இருப்பதை 'ஆர்வமின்மை' என்னும் சொல்லால் எப்படிக் குறிக்க முடியும்?

பொழுதுபோக்கா, உணவா?

கணக்கெடுப்பின் பெயரிலேயே உள்ள 'பொழுதுபோக்கு' என்னும் சொல்லை அடுத்து உற்றுநோக்க வேண்டும். பயணங்கள், நாட்கள், செலவு என்பனவே இதன் முதன்மை அளவுகள். தன் வீட்டைச் சுற்றி ஒரு மைல் தொலைவுக்குள் பறவைகளுக்குத் தீனி வைத்து ஆர்வத்துடன் நோக்குபவரும் இதில் ஒரு பங்கேற்பாளர். தோட்டமுள்ள வீடு உடையவருக்கு இது இயல்பாகவே அமைகிறது. ஆனால் இரவு உணவுக்காகப் பாலத்தடியில் தூண்டில் போடுபவரை இந்த அளவுகோல் எவ்வாறு பதிவு செய்யும்? ஒன்று, அவரும் பொழுதைப் போக்கியவராகப் பதிவாவார். அல்லது பதிவாகாமலே போவார். இரண்டு நிலையிலும் அவரது பசி பதிவாவதில்லை.

இந்தப் பசி கற்பனை அன்று. தலைநகர் வாஷிங்டன் வழியே ஓடும் அனகோஸ்டியா ஆறு நெடுங்காலமாக நஞ்சேறிய ஆறு. அதன் மீன்களை உண்பது குறித்து அரசு எச்சரிக்கைகள் நடைமுறையில் உள்ளன. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த ஆற்றின் மீனை 17,000 பேர் வரை உண்ணக்கூடும் என மதிப்பிட்டது. மீனவர்கள் தாம் பிடித்த மீனைக் கரையில் கேட்போருக்குப் பகிர்ந்தளிப்பதையும் அது பதிவு செய்தது. நாடாளுமன்றம் அமைந்துள்ள அதே நகரில், நஞ்சுள்ள மீன் வறியோரின் தட்டுக்குச் செல்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். பொழுதுபோக்கை அளப்பதற்கென்றே வகுக்கப்பட்ட கணக்கெடுப்பிடம் பசியை ஏன் அளக்கவில்லை என்று கேட்பது பொருந்துமா? தனியொரு கணக்கெடுப்பு எல்லாவற்றையும் அளக்க இயலாது என்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் அப்போது பசியை அளக்க வேறொரு கணக்கெடுப்பு இருந்தாக வேண்டும். அமெரிக்காவில் அதற்கான கடமை ஒரு காலத்தில் எழுத்தில் இருந்தது. 1994 பிப்ரவரி 11 அன்று அதிபர் கிளின்டன் பிறப்பித்த 12898ஆம் எண் நிர்வாக ஆணை, வாழ்வாதாரத்துக்காக மீனையும் காட்டுயிரையும் பெரிதும் சார்ந்துள்ள மக்கள் எதை, எவ்வளவு உண்கிறார்கள் என்னும் தகவலைத் திரட்டுமாறு கூட்டாட்சி நிறுவனங்களைப் பணித்தது. கறுப்பின மக்களும் பழங்குடிகளும் நடத்திய சுற்றுச்சூழல் நீதிப் போராட்டங்களின் பயன் அந்த ஆணை. 2025 ஜனவரி 21 அன்று அதிபர் டிரம்ப் பிறப்பித்த ஆணையால் அது நீக்கப்பட்டது. பொழுதுபோக்கை அளக்கும் ஏற்பாடு எழுபது ஆண்டுகளைக் கடந்து நிற்க, பசியை அளக்கும் கடமையோ முப்பதாண்டுகளில் நீக்கப்பட்டது.

6.5 கிராமும் 175 கிராமும்

எண்ணப்படாமல் போனவர்கள் தம்மைத் தாமே எண்ணிக்கொண்டால் என்ன நிகழும்? கொலம்பியா ஆற்றுப் பழங்குடிகள் இதற்கு விடை தந்தனர். ஆற்று நீர் எவ்வளவு தூய்மையாக இருக்க வேண்டும் என்னும் தரத்தை வகுக்க, ஒருவர் நாள்தோறும் எவ்வளவு மீன் உண்கிறார் என்னும் எண் தேவை. உண்ணும் அளவு கூடுதலாகக் கொள்ளப்பட்டால், ஆற்றில் கலக்க அனுமதிக்கப்படும் நஞ்சின் அளவு குறையும். நெடுங்காலம் கூட்டாட்சி அரசு பயன்படுத்திய எண் நாளொன்றுக்கு 6.5 கிராம். மீனே உண்ணாதவர்களையும் சேர்த்து எடுக்கப்பட்ட தேசியச் சராசரி அது.

யாகமா, உமட்டில்லா, நெஸ் பெர்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் ஆகிய பழங்குடிகளிடையே, அவர்களது கூட்டு மீன்வள ஆணையம் தானே ஒரு கணக்கெடுப்பை நடத்தி 1994இல் வெளியிட்டது. அம்மக்கள் உண்ணும் சராசரி அளவு நாளொன்றுக்கு 58.7 கிராம். அரசு கொண்டிருந்த எண்ணைப்போல் ஒன்பது மடங்கு. தொடர்ந்த போராட்டத்தின் பின், 2011இல் ஓரிகான் மாநிலம் நாளொன்றுக்கு 175 கிராம் என்னும் அளவை ஏற்றுத் தன் நீர்த்தரத்தைத் திருத்தியது. 1850களின் ஒப்பந்தங்கள் அவர்களுக்கு மீன்பிடி உரிமையை உறுதி செய்திருந்தன. அந்த உரிமைக்குள் நஞ்சற்ற மீனும் அடங்கும் என்பதை நிலைநாட்டுவதற்கு அவர்களுடைய சொந்தக் கணக்கு வேண்டியிருந்தது.

நமக்கு இதில் உள்ளது என்ன?

1946இல் டு போய்ஸுக்கு எழுதிய கடிதத்தில், அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனு குறித்து அம்பேத்கர் கேட்டறிந்தார். இரு மக்களின் நிலைக்கும் இடையிலுள்ள ஒப்புமையை அவர் ஆழ்ந்து கவனித்தார். அந்த வழியில் நின்று மூன்று செய்திகளை நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, பொது வளங்கள் குறித்தது. அரசியலமைப்பின் 15(2) பிரிவு, அரசு நிதியால் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைச் சாதியின் பெயரால் மறுப்பதைத் தடை செய்கிறது. ஆனால் ஊர்க் கண்மாயின் மீன்பாசிக் குத்தகை எந்தச் சாதியினரின் கையில் இருக்கிறது, ஏலத்தில் கேட்க யார் அஞ்சுகிறார்கள் என்பவற்றைச் சாதிவாரியாகத் திரட்டிச் சொல்லும் கணக்கு நம் கையில் இல்லை. தடை சட்டத்தில் இருக்கிறது. மீறலை மெய்ப்பிக்கும் எண் கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது.

இரண்டாவது, நீதிமன்றம் குறித்தது. 2006ஆம் ஆண்டின் நாகராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதவி உயர்வில் இடஒதுக்கீடு தர வேண்டுமானால் அரசு 'அளவிடத்தக்க தரவு' காட்ட வேண்டும் என்றது. பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் பின்தங்கியோர் என்பதற்கே தரவு வேண்டும் என்ற பகுதி 2018இல் ஜர்னைல் சிங் வழக்கில் நீக்கப்பட்டாலும், போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கான தரவு இன்றும் தேவைப்படுகிறது. தரவைத் திரட்ட வேண்டியது அரசு. அது இல்லாவிட்டால் இழப்பவர்கள் நாம். 2011இல் சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பில் திரட்டப்பட்ட சாதி விவரங்கள் இன்றளவும் முழுமையாக வெளியிடப்படவில்லை.

மூன்றாவது, வரவிருக்கும் கணக்கெடுப்பு குறித்தது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் இடம்பெறும் என 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அமைச்சரவையின் அரசியல் விவகாரக் குழு முடிவெடுத்தது. இதனை வரவேற்கிறோம். ஆயினும் தலைகளை மட்டும் எண்ணிவிட்டு, நிலம், நீர், வீடு, வேலை ஆகியவற்றோடு சாதியை இணைத்துக் காட்டும் அட்டவணைகள் வெளியிடப்படாவிட்டால், நமக்குக் கிடைப்பது வேறொரு அலங்கார எண்ணாகவே இருக்கும். அமெரிக்கக் கணக்கெடுப்பிலும் இனம் என்னும் பத்தி பல்லாண்டுகளாக இருக்கிறது. ஏன் வரவில்லை, எது தடுத்தது என்னும் கேள்விகள் அதனுடன் இணைக்கப்படாததால், அந்தப் பத்தி விலக்கலுக்கே சான்றிதழாக வாசிக்கப்பட்டது.

ஆகவே இணைப்பு அட்டவணைகள் சாதிவாரியாக வெளியிடப்பட வேண்டும் என்னும் கோரிக்கையை இப்போதே எழுப்ப வேண்டும். அரசுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. கல்லூரி மாணவர் குழு ஒன்று, தன் ஒன்றியத்திலுள்ள கண்மாய்களின் கடந்த பத்தாண்டுக் குத்தகை விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறலாம். குத்தகை எடுத்தவர் யார், ஏல அறிவிப்பு சேரிக்கு வந்து சேர்ந்ததா, கேட்க முன்வந்தவர் மிரட்டப்பட்டாரா என்பதை ஊர் ஊராகச் சென்று கேட்டு எழுதலாம். கொலம்பியா ஆற்றங்கரையில் ஒரு மாநிலத்தின் நீர்த்தரத்தையே மாற்றியது, உண்ணும் மீனைக் குறித்து அம்மக்களே எடுத்த கணக்கு. நம் வழக்குகளுக்கும் அத்தகைய கணக்குகள் வேண்டும்.