சிவப்பு எரியுதா ஸார்?

வீட்டில் இன்டர்நெட் நின்றுபோனால் நாம் செய்கிற முதல் காரியம், பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பது. 'உங்க வீட்ல வருதா?' அங்கேயும் வரவில்லை என்றால் ஒரு நிம்மதி. கரண்ட் போனால் வருமே, அதே நிம்மதி. அங்கே ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தால்தான் வயிற்றைப் பிசையும்.

எனக்குப் பிசைந்தது ஒரு 19-ம் தேதி ராத்திரி. மறுநாள் ஜி.எஸ்.டி.ஆர்.-3பி தாக்கல் செய்யக் கடைசி நாள். பி.காம். படித்த பாவத்துக்கு, எழுதுகிற நேரம் போக நாலு கடைகளுக்குக் கணக்கும் பார்க்கிறேன். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கட்டணம், கட்டவேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. அதுகூடப் பரவாயில்லை, ஹார்டுவேர் கடை அண்ணாச்சி, 'தம்பி, அம்பது ரூவா லாபத்துக்கு எத்தனை போல்ட்டு விக்கணும் தெரியுமா?' என்பார். செல்போன் சிக்னலோ எங்கள் வீட்டில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான்.

'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்றாள் மனைவி. மாமனார் போனில் அதையே சொன்னார். எதிர்வீட்டு ஆறாம் வகுப்புப் பையனும் அதையே. இதில் விஷயம் இல்லாமல் இல்லை. அந்தப் பெட்டி ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். நாள்கணக்கில் ஓடி மண்டை குழம்பியிருந்தால், அரை நிமிஷம் அணைத்துப் போட்டால் தெளிந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் பெட்டியின் முகத்தை ஒரு தரம் பாருங்கள். 'எல்.ஓ.எஸ்.' என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் பெட்டிக்கு வெளிச்சமே ஒழுங்காக வந்து சேரவில்லை என்று அர்த்தம். நூறு தடவை ஆஃப்-ஆன் பண்ணினாலும் ஸ்விட்ச்தான் தேயும். அது எரியாமல், 'பான்' என்கிற பச்சை விளக்கு நிலையாக நின்றால் வயர் நன்றாக இருக்கிறது. கோளாறு வைஃபையிலோ, உங்கள் போனிலோ, கம்பெனிப் பக்கத்திலோ. (பில் கட்டினீர்களா?)

எனக்குச் சிவப்பு.

வயருக்குள் இருப்பது கண்ணாடி இழை. வெளிச்சம் ஓடும் நடுப்பகுதி 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு. மடக்கினால் வெளிச்சம் வழிந்துவிடும். பீரோவுக்குப் பின்னால் நசுங்கியிருக்கிறதா என்று தாராளமாகப் பாருங்கள். பச்சை முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்து மட்டும் பார்க்காதீர்கள். உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

கஸ்டமர் கேரில் ஒன்பது நிமிஷம் வீணை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தார். 'மொபைல்ல வைஃபையை ஒரு தடவை ஆஃப் பண்ணி...'

'அம்மா, எல்.ஓ.எஸ். சிவப்பு.'

சட்டென்று குரல் மாறியது. டாக்டரிடம் 'ஒரு மாதிரியா இருக்கு' என்பதற்கும் 'பிரஷர் 180' என்பதற்கும் உள்ள வித்தியாசம். புகார் எண் கொடுத்தார். அதை எழுதி வையுங்கள். யாரும் வராவிட்டால் பின்னால் கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக அதுதான் டிக்கெட்.

காலை பத்து மணிக்குப் பைக்கில் ஒரு பையன் வந்தான். சிவப்பைப் பார்த்தான், வயர் முனையில் மீட்டரைச் சொருகினான், உதட்டைப் பிதுக்கினான். நேரே கம்பத்துக்குப் போய் அங்கேயும் சொருகினான். அங்கே வெளிச்சம் இருக்கிறது, வீட்டில் இல்லை. ஆகவே திருடன் இடையில் இருக்கும் நாற்பது மீட்டரில். வயரை அண்ணாந்து பார்த்தபடியே நடந்து வந்தவன் பாதி வழியில் நின்றான். காதணி விழா பேனர் ஒன்று. தாய்மாமன்கள் பன்னிரண்டு பேர் கும்பிட்டபடி சிரிக்க, எங்கள் வயரையும் சேர்த்து முறுக்கி இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

நசுங்கிய துண்டை வெட்டி எறிந்து, முனைகளை மெஷினில் வைத்து ஒட்டினான். 'மைனஸ் இருபத்தொண்ணு ஸார், சூப்பர்!' மைனஸைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆளை அன்றுதான் பார்த்தேன். மைனஸ் இருபத்தேழைத் தாண்டினால்தான் பெட்டி திணறுமாம்.

மதியத்துக்குள் நாலு கடையும் முடிந்தது. பேனரை நைலான் கயிற்றில் மாற்றிக் கட்ட அந்தப் பையனே ஏணி பிடித்தான். தாய்மாமன்களில் இருவர் கீழே நின்று, 'லெஃப்ட்ல கொஞ்சம் தூக்குப்பா' என்று டைரக்ஷன் கொடுத்தார்கள். எனக்கும் பத்திரிகை வைத்தார்கள்.