வண்டிக்காரரின் மூக்கு

மீனம்பாக்கம் பக்கத்தில் விமானிகளையும் பணிப்பெண்களையும் ஹோட்டலிலிருந்து ஏற்றிக்கொண்டு போய் விமான நிலையத்தில் இறக்கும் வேன் ஓட்டுகிறார் ஒருவர். விடியற்காலை டீக்கடைப் பழக்கம். பேச்சுக்காரர். அரசியல், ஐபிஎல், மகளின் நீட் கோச்சிங் என்று எதையும் விடமாட்டார். ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்களைப் பற்றி.

"ரெண்டரை மணிக்கு லாபி வாசல்ல நிப்பேன் சார். பெட்டிய வாங்கி வெப்பேன். 'குட் மார்னிங்' சொன்னா நானும் சொல்வேன். அவ்ளோதான்."

"எப்பவாவது வாசனை கீசனை அடிச்சிருக்கா?"

டீயை ஊதிக்கொண்டே இருந்தார். "செண்ட் வாசனை அடிக்கும் சார்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

நான் அவரிடம் அப்படிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. விமானிகளும் குடியும் பற்றிய பழைய கதைகளைக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அவற்றில் திரும்பத் திரும்ப ஒருவர் வருகிறார். காக்பிட்டுக்கு வெளியே நிற்கிற, யாரும் பெயர் கேட்காத ஒருவர். மோப்பம் பிடித்தது அவர்தான்.

1977 ஜனவரி 13. அலாஸ்காவின் ஆங்கரேஜ். விடியாத இருட்டு, மூடுபனி. உயிருள்ள மாடுகளை ஏற்றிக்கொண்டு டோக்கியோ போக வேண்டிய ஜப்பான் ஏர்லைன்ஸின் டிசி-8 சரக்கு விமானம். குழுவை அழைத்துவந்த டாக்சி ஓட்டுநருக்கு கேப்டனின் நிலை சரியாகப் படவில்லை. முகம் சிவந்திருந்தது, பேச்சு குழறியது. அவர் தன் அலுவலகத்தில் சொல்ல, அலுவலகம் விமான நிலையத்தில் இருந்தவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னது. ஆனாலும் விமானம் கிளம்பியது. கிளம்பிய வேகத்திலேயே விழுந்தது. மூன்று விமானிகள், மாடுகளுடன் வந்த இருவர், ஐந்து பேரும் இறந்தார்கள். கேப்டனின் 100 மி.லி. ரத்தத்தில் 298 மில்லிகிராம் மது இருந்தது. அன்று அந்த மாநிலத்தில் கார் ஓட்டுகிறவரைக் குடிகாரர் என்று பிடிக்க 100 போதும். விசாரணை அறிக்கை விபத்துக்கான காரணங்களோடு இன்னொன்றையும் சேர்த்தது: கேப்டனைப் பறக்க விடாமல் சக விமானிகள் தடுக்கத் தவறியது.

டாக்சிக்காரருக்குத் தெரிந்தது, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

2018 அக்டோபர் 28, லண்டன் ஹீத்ரோ. அதே ஜப்பான் ஏர்லைன்ஸ், டோக்கியோ போகும் விமானம். துணை விமானி நிறுவனத்தின் மூச்சுச் சோதனையைத் தாண்டி வந்துவிட்டார். குழுவை ஏற்றிச் சென்ற பேருந்தின் ஓட்டுநர் மூக்கு அவரைத் தாண்ட விடவில்லை. போலீஸ் வந்தது. ரத்தத்தில் 189 மில்லிகிராம். பிரிட்டனில் விமானிக்கு அனுமதி 20. பத்து மாதச் சிறை. 69 நிமிடத் தாமதத்துக்குப் பிறகு, மூவர் ஓட்ட வேண்டிய விமானத்தை இருவர் ஓட்டிப் போனார்கள்.

இந்தக் கதைகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது மூன்றாவது கதைதான். அதில் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

1990 மார்ச் 7 இரவு. அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஃபார்கோ என்ற ஊர். ஆற்றைத் தாண்டினால் மினசோட்டாவின் மூர்ஹெட். நார்த்வெஸ்ட் ஏர்லைன்ஸின் மூன்று விமானிகள் அங்கே ஒரு மதுக்கடையில் உட்கார்ந்தார்கள். துணை விமானியும் பொறியாளரும் பீரைக் கூஜா கூஜாவாகப் பகிர்ந்துகொண்டார்கள். கேப்டன் லைல் பிரவுஸ் குடித்தது ரம்மும் கோக்கும். எத்தனை என்று பின்னாளில் நீதிமன்றத்தில் எண்ணியபோது பதினைந்துக்கு மேல் வந்தது. மறுநாள் காலை ஆறரை வாக்கில் மினியாபோலிஸுக்குப் போயிங் 727 ஓட்ட வேண்டும். விமானம் ஏறுவதற்கு எட்டு மணி நேரம் முன்பே குடியை நிறுத்த வேண்டும் என்பது அரசு விதி. அவர்களுடைய நிறுவனத்தின் விதி 12 மணி நேரம். இரண்டுமே அன்று மேசைக்கு அடியில் கிடந்தன.

கடைக்கு வந்திருந்த வேறொரு வாடிக்கையாளர் விமானத் துறைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். காலையில் ஓர் ஆய்வாளரே வந்தார். விசாரித்தார், வாசனையும் பிடித்தார். அடுத்து என்ன செய்வதென்று மேலிடத்தைக் கேட்க அவர் தொலைபேசியைத் தேடிப் போன நேரத்தில், விமானம் 91 பயணிகளுடன் கிளம்பிப் போய்விட்டது! நம் ஊர் அரசு அலுவலகங்களில்தான் இப்படி நடக்கும் என்று நினைத்திருந்தேன்.

மினியாபோலிஸில் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் இறக்கினார்கள். இறங்கியதும் கைது. கேப்டனின் ரத்தத்தில் 130 மில்லிகிராம், பொறியாளருக்கு 80, துணை விமானிக்கு 60. அனுமதி 40. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 15 மில்லிகிராம்தான் கழிக்கும். காபியோ மோரோ பச்சைத் தண்ணீர்க் குளியலோ அதை அவசரப்படுத்த முடியாது. அப்படியென்றால் கேப்டனின் உடம்பு தெளிய இன்னும் எட்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எட்டு மணி நேரம் என்ற விதி, இரண்டு கிளாஸோடு எழுந்துவிடுகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. எழ முடியாதவருக்கு அது வெறும் கடிகாரம்.

நீதிமன்றத்தில் கேப்டன் தரப்பு சொன்னது விசித்திரமான வாதம். அவர் குடி நோயாளி, உடம்பு பழகிவிட்டது, ஆகவே அவருக்குத் தடுமாற்றம் இல்லை. நம் தெருவில் 'எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடிப்பா' என்று ஒருவரைப் பெருமையாகச் சொல்வோமே, அதேதான் சட்ட மொழியில். ஜூரி ஏற்கவில்லை. கேப்டனுக்கு 16 மாதம், மற்ற இருவருக்கும் 12 மாதம்.

ஜூரி செய்தது சரி என்பதற்கு மருத்துவமும் சாட்சி சொல்கிறது. நடை ஸ்டெடியாக இருந்தாலும் காது ஸ்டெடியாக இருக்காது. உட்காதின் அரைவட்டக் குழல்களில் ஒரு திரவம், அதற்குள் கூழ் போன்ற சின்ன மடல். தலை திரும்புவதை உணர்வது அந்த மடல். குடித்ததும் மது முதலில் மடலுக்குள் புகுகிறது. மடல் திரவத்தைவிட லேசாகிவிட, கட்டில் சுற்றுகிறது. பிறகு திரவத்துக்குள்ளும் மது புகுந்து சமமாகிறது, சுற்றல் நிற்கிறது. வடியும்போதும் முதலில் வெளியேறுவது மடலிலிருந்துதான். இப்போது மடல் கனம், மறுபடி சுற்றல், எதிர்ப் பக்கமாக. ரத்தத்தில் ஒரு சொட்டு மிச்சம் இல்லாதபோதும் இது பல மணி நேரம் நீடிக்கும். ஊதினால் பூஜ்யம் காட்டும். மேகத்துக்குள் நுழைந்து அடிவானம் மறைந்ததும் காது பொய் சொல்லும். ஸ்டான்ஃபோர்டில் 1986இல் வெளியான ஓர் ஆய்வில், பத்துக் கடற்படை விமானிகளை நன்றாகக் குடிக்கவிட்டு 14 மணி நேரம் கழித்துச் செயற்கைக் காக்பிட்டில் உட்காரவைத்தார்கள். அப்போதும் அவர்களின் ஓட்டம் பழைய தரத்தில் இல்லை.

பிரவுஸின் கதை சிறையோடு முடிந்திருந்தால் அதை ஓர் எச்சரிக்கைப் பலகையாக மாட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். வேலை போயிற்று, எல்லா உரிமங்களும் போயின. வெளியே வந்து ஒரு குடிநோய் சிகிச்சை மையத்தில் வேலை பார்த்தார். ஐம்பது வயதைக் கடந்த 727 விமானி, சின்ன விமானத்தில் முதல் பாடத்திலிருந்து மறுபடி படித்து ஒவ்வொரு உரிமமாக வாங்கினார். 1993இல் நார்த்வெஸ்ட்டின் தலைவர் அவரை மீண்டும் வேலைக்கு எடுத்தார். நாடே சிரித்த ஒரு பெயரைச் சம்பளப் பட்டியலில் திரும்ப எழுத எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! 1998இல் பிரவுஸ் 747 கேப்டனாகவே ஓய்வுபெற்றார். 2001இல் அதிபர் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். அந்த மன்னிப்புக்காகப் பேசியவர்களில், சிறைக்கு அனுப்பிய நீதிபதியும் ஒருவர்.

இது ஒருவரின் பிடிவாதத்தால் மட்டும் நடந்ததல்ல. 1974இலிருந்தே அமெரிக்க விமானிகள் சங்கமும் நிறுவனங்களும் அரசின் விமானத் துறையும் சேர்ந்து 'ஹிம்ஸ்' என்றொரு திட்டத்தை நடத்துகின்றன. குடிக்கு அடிமையான விமானியை முதலில் அணுகுவது, அதற்கென்று பயிற்சி பெற்ற இன்னொரு விமானி. பிறகு உள்ளிருப்புச் சிகிச்சை, மனநலச் சோதனை, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாத பரிசோதனைகள், ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பு. இதெல்லாம் முடிந்து சீட்டுக்குத் திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். இதை இரக்கம் என்று நினைத்தால் தப்பு, முழுக் கணக்கு. சொன்னால் நண்பனின் அடுப்பு அணையும் என்றால் எந்தத் துணை விமானியும் வாய் திறக்கமாட்டார். சொன்னால் நண்பன் பிழைத்துத் திரும்புவான் என்றால் திறப்பார். ஆங்கரேஜில் யாரும் எடுக்காமல் போன வழி அதுதான்.

நம் நாட்டின் வழி வேறு. விதி கறாரானது: 12 மணி நேரம் தொடக்கூடாது, மூச்சில் பூஜ்யம் வர வேண்டும், ஒவ்வொரு குழுவும் ஏறுமுன் கேமரா முன்னால் ஊத வேண்டும். முதல் முறை மாட்டினால் மூன்று மாதம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு, மூன்றாம் முறை உரிமமே ரத்து. 2018 நவம்பரில் ஏர் இந்தியாவின் செயல்பாட்டு இயக்குநர், அதாவது மற்ற விமானிகளுக்கு விதி சொல்ல வேண்டியவர், டெல்லியிலிருந்து லண்டன் கிளம்புமுன் ஊதி மாட்டினார். விதியை அவர் மீறியது அது இரண்டாம் முறை. 2023இல் வந்த வரைவு விதி, செண்ட்கூடப் போடக்கூடாது என்றது. எல்லோரையும் ஊத வைப்பது நல்ல ஏற்பாடு. எங்கள் ஊர் விமானத்தில் ஏறும்போது அதற்காக நான் நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் அந்தக் குழாய் பார்ப்பது மூச்சை மட்டும். மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்தவர் அந்த மூன்று மாதமும் என்ன செய்தார் என்று அது கேட்பதில்லை.

தடையும் எதுவரை போகும் என்று தெரியவில்லை. 2024 டிசம்பரில் மெல்போர்னில் ஜப்பான் ஏர்லைன்ஸின் இரண்டு கேப்டன்கள் முந்தைய நாள் குடித்து, அதை மறைக்கப் பேசிவைத்துக்கொண்டு, விமானத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக்கினார்கள். வெளியூரில் தங்கும் இரவுகளில் குடியே கூடாது என்று நிறுவனம் உத்தரவு போட்டது. 2025 ஆகஸ்டில் ஹொனலுலுவில் ஒரு கேப்டன் பீரைத் திறந்தார். மதுவிலக்கைப் போட்டும் எடுத்தும் பார்த்த மாநிலத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இருக்காது. உடம்புக் கடிகாரம் ஒரு நேரம், சுவர்க் கடிகாரம் ஒரு நேரம். வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள், இங்கே திரை இழுத்த அறை. அந்த அறையில் ஃப்ரிட்ஜைத் திறக்கிற கைக்கு உத்தரவு வாசிக்கத் தெரியாது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அதே அறையில் தூங்கி எழுந்து போகிறவர்கள்தான் மிகப் பலர்.

போன வாரம் டீக்கடையில் ஆங்கரேஜ் கதையை வேன்காரரிடம் சொன்னேன். பனி, மாடுகள், கேப்டனின் சிவந்த முகம், டாக்சிக்காரர் அலுவலகத்தில் சொன்னது, அவர்கள் தொலைபேசி செய்தது, எல்லாம். கிளாஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்டார். விமானம் ஏன் விழுந்தது என்றோ, எத்தனை பேர் செத்தார்கள் என்றோ அவர் கேட்கவில்லை.

"அந்த டாக்சிக்காரனுக்கு அப்புறம் அந்த டிரிப்பு குடுத்தாங்களா சார்?" என்றார்.