ஒரு சொல், இரண்டு அர்த்தம்

'தேவையான' என்றால் என்ன அர்த்தம்? 1791-ல் இந்தக் கேள்வி அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி வாஷிங்டனையே குழப்பியது.

தேசிய வங்கி தொடங்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறி, கையெழுத்துக்காக அவரிடம் வந்தது. மூலதனம் 1 கோடி டாலர். அனுமதி 20 ஆண்டுகளுக்கு. ஆனால், அரசியலமைப்புச் சட்டத்தில் வங்கியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. மத்திய அரசு தன் அதிகாரங்களைச் செயல்படுத்த 'தேவையான, முறையான' சட்டங்களை இயற்றலாம் என்று மட்டும் இருந்தது.

வாஷிங்டன் அமைச்சர்களிடம் கருத்து கேட்டார். வசதி வேறு, தேவை வேறு. வங்கி இல்லாமலே வரி வசூலிக்க முடியும் என்றார் ஜெஃபர்சன். வசதிக்கெல்லாம் இடம் கொடுத்தால் மத்திய அரசின் அதிகாரத்துக்கு எல்லையே இருக்காது என்பது அவர் கவலை. நிதியமைச்சர் ஹாமில்டனோ, தேவை என்றால் பயன்படக்கூடியது என்றுதான் பொருள். நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டிருந்தால் போதும் என்றார். பிப்ரவரி 25-ல் வாஷிங்டன் கையெழுத்திட்டார்.

அவையில் அந்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்தவர், அரசியலமைப்பை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்த மேடிசன். 1811-ல் வங்கியின் அனுமதி காலாவதியானபோது அவரே ஜனாதிபதி. மறு வருடமே பிரிட்டனுடன் போர். கஜானா திண்டாடியது. 1816-ல் இரண்டாவது வங்கிக்கான மசோதாவில் கையெழுத்திட்டவரும் அதே மேடிசன்தான்! நாடே இத்தனை வருடம் ஏற்றுக்கொண்டுவிட்டதால் கேள்வி தீர்ந்துவிட்டது என்பது அவர் சமாதானம்.

கொள்கையை விட்டுவிட்டாரா? இல்லை. 1817-ல், பதவிக்காலம் முடிவதற்கு முந்தைய நாள், சாலை, கால்வாய்களுக்கு நிதி தரும் மசோதா வந்தது. நல்ல திட்டம்தான், ஆனால், அரசியலமைப்பு அந்த அதிகாரத்தைத் தரவில்லை என்று திருப்பி அனுப்பினார்.

வங்கிக்குத் திறந்த கதவு, சாலைக்குத் திறக்கவில்லை.